நடுவில் வந்த ஹேண்ட்பிரேக்

மகனே, நலமா என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் போன ஞாயிறு மத்தியானம் என் எதிரே உட்கார்ந்து இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் பிடிக்க ஓடியவனிடம் நலமா என்று கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். உனக்கு இருபத்தாறு வயதாகிறது, அடுத்த மாதம் கல்யாணம், இதுவரை நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. சர்க்கார் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கன்னடத்தில் குறிப்பு எழுதித் தள்ளியவன் நான். ‘மேற்கண்ட விஷயம் தொடர்பாக’ என்று தொடங்காமல் எனக்கு ஒரு வரி ஓடாது. இப்போது பார்த்தால் மேற்கண்ட விஷயம் எது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். உன் அம்மா நடுவில் வந்து, “என்ன, ராஜினாமா லெட்டரா? ரிடையர் ஆகி நாலு வருஷம் ஆச்சே” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். பாதி வழியில் நான் முரண்பட்டுப் பேசினால் கோபித்துக்கொள்ளாதே. எனக்கே ஒன்றும் தெளிவாக இல்லை.

உன் நிச்சயதார்த்தத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பந்தியில் உட்கார்ந்திருந்தோம். வித்யாவின் அப்பா சிரித்துக்கொண்டே, “எங்க பொண்ணு ஆபீசுக்கே கார் எடுத்துட்டுப் போறா, மாப்பிள்ளை மட்டும் ஸ்டியரிங்கையே தொடமாட்டேங்கறாராமே, ஏன் சம்பந்தி?” என்று கேட்டார். கேட்டாரோ இல்லையோ, எனக்கு வாய் ஊறிவிட்டது. நம் வீட்டு விசேஷம் எதிலும் நான் சொல்லாமல் விடாத கதை அது. காரில் ஹேண்ட்பிரேக்கை நடுவுக்கு மாற்றினோம், பையன் ஓட்டினான், மேட்டில் நின்றோம், நான் ‘பிடி பிடி’ன்னு கத்தினேன், தெருவெல்லாம் கன்னடம் பேசி வளர்ந்த பிள்ளை அதைக் கன்னடத்தில் எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டான், அன்றிலிருந்து இவன் காரே ஓட்டுவதில்லை. “தமிழ்ல பிடின்னா பிடிச்சுக்கோ, கன்னடத்துல பிடின்னா விட்டுடு. தமிழ் தெரியாத தமிழனுக்கு அப்பனா இருக்கறது எவ்வளவு கஷ்டம் பாருங்க!” என்று நான் முடித்ததும் பந்தியே சிரித்தது. வித்யாவின் சித்தப்பாவுக்குப் புரையேறியது. நீயும் சிரித்தாய். அப்புறம் பாயசம் வருவதற்குள் கை கழுவ எழுந்து போனாய். பாயசம் என்றால் இலையை நக்குகிறவன் நீ. வித்யா மட்டும் சிரிக்கவில்லை, நீ போன திசையைப் பார்த்தபடி இருந்தாள்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. அந்தப் பந்தியில் சிரித்த எல்லாருக்கும் நகல் எடுத்து அனுப்பப்போகிறேன். காரணம் பின்னால் வரும். ‘பால்’ என்னும்போது வருகிற ப போட்டுச் சொன்னால் அது தமிழ்ப் பிடி. ‘பஸ்’ என்னும்போது வருகிற ப போட்டுச் சொன்னால் அது கன்னடப் பிடி, விடுங்கள் என்று அர்த்தம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. காதில் கேட்டாலும், அவசரத்தில், இன்ஜின் சத்தத்தில், ஒன்றுக்கு ஒன்று மாறலாம். இந்த ஊரில் பிறந்த நம்மை மாதிரி ஆட்கள் ஒரு வாக்கியத்தில் இரண்டையும் போட்டுப் பேசுவோம். ஆகவே கதை நம்பும்படியாகத்தான் இருந்தது. நானே ஏழு வருஷம் நம்பினேன். நம்பினேனா என்பதுதான் இப்போது கேள்வி.

காரைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வித்யாவுக்குத் தெரியாதே. நீ ஐந்தாவது ஆறாவது படிக்கும்போது, தொண்ணூற்று ஒன்றோ இரண்டோ, கைமாறி வந்த வெள்ளைக் கார். முன்னால் ஒரே நீள சீட், சோபா மாதிரி. கியர் ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருக்கும். ஹேண்ட்பிரேக் டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவரின் வலது முழங்கால் பக்கம், குடையின் பிடி போல வளைந்து தொங்கும். இழுத்தால் பிடிக்கும், திருகிவிட்டால் இறங்கும். ஓட்டுகிறவனைத் தவிர வேறு யாருக்கும் எட்டாது. நான் வலது பக்கம், அம்மா இடது பக்கம், நீ நடுவில். பின்சீட் காலியாகக் கிடக்கும், ஆனாலும் நீ அங்கே போகமாட்டாய். அல்சூர் ஏரியைச் சுற்றி வரும்போது என் தோளில் ஒரு கை, அம்மா தோளில் ஒரு கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஜோகுபாளையத்தில் நம் தெரு மேடாக ஏறும், நம் வீடு பாதி மேட்டில். அதனால் காரை நிறுத்தும்போதெல்லாம் அம்மா இறங்கி, கேட் பக்கத்தில் வைத்திருக்கும் கருங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாள். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன்டி என்றால், “போட்டுக்கோங்க, யார் வேணாம்னா?” என்று சொல்லிக்கொண்டே கல்லை வைப்பாள்.

உனக்குப் பத்தொன்பது வயதில் கார் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. நான் கற்றுத் தருகிறேன் என்றேன், வேண்டாம்பா, நீங்க திட்டுவீங்க என்றாய். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாய். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நீ ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் ஒரு கையால் கடலை தின்றுகொண்டு நிம்மதியாக இருந்தார். எப்படி இந்த மனுஷனுக்குப் பயமே இல்லை என்று யோசித்தேன். அப்புறம் தெரிந்தது, அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. நீ என்ன தப்புச் செய்தாலும் அவர் ஒரு மிதி மிதித்தால் வண்டி நின்றுவிடும். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போயிற்று. அந்த ஆளுக்குக் கிடைத்த பிரேக் பெற்ற அப்பனுக்கு இல்லையே என்று ஒரு பொறாமை. சிரிக்காதே, பொறாமைதான் அது.

சிவாஜிநகர் குஜரியில், பழைய கார்களைப் பிரித்துப் பிரித்து விற்கிற அந்தக் கடைகளுக்கு நடுவில், ஜப்பார் பாய் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். நம் காரை அவர்தான் பார்ப்பார். அவரிடம் போய், டிரைவிங் ஸ்கூல் மாதிரி இடது பக்கமும் ஒரு பிரேக் வைத்துக் கொடு பாய் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஸ்கூலு தொறக்கறீங்களா சார்?” என்றார். இல்லை, என் பையன் ஓட்டப்போகிறான் என்றேன். “அரே, பையன் ஓட்டினா பையன் காலுதான் பிரேக்கு. உங்க காலு எதுக்கு நடுவுல?” என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஹேண்ட்பிரேக்கையாவது நடுவுக்குக் கொண்டுவர முடியுமா, புதுக் கார்களில் எல்லாம் இரண்டு சீட்டுக்கும் நடுவில்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் காரில் ஏறி, அந்தக் குடைப்பிடியை இழுத்துப் பார்த்தார், காரைத் தள்ளச் சொன்னார், அசையவில்லை. “நல்லாத்தானே பிடிக்குது சார்? நல்லா இருக்கறதை எதுக்கு அறுக்கணும்?” என்றார். பிடிக்கிறது பாய், ஆனால் எனக்கு எட்டவில்லையே என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையை எடுத்துக்கொண்டார்.

இதிலே என் முதல் பொய்யை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் உன்னிடமும் அம்மாவிடமும் நான் சொன்னது, பழைய ஹேண்ட்பிரேக் தேய்ந்துபோய்விட்டது, பாய்தான் மாற்றச் சொன்னார் என்று. தேயவே இல்லை. தேய்ந்திருந்தது உன்மேல் எனக்கிருந்த நம்பிக்கை. இல்லை, அதுவும் சரியில்லை. உன்மேல் நம்பிக்கை இருந்தது, என் கை சும்மா இருக்கும் என்பதில்தான் நம்பிக்கை இல்லை. மூன்று நாள் வேலை. நீள சீட்டைப் பெயர்த்து எடுத்தார்கள். பிரித்துப் போட்ட வேறொரு கார் சீட்டுகள் இரண்டைத் தனித்தனியாகப் பொருத்தினார்கள். காரின் தரையில் நடுவே இருக்கும் மேட்டில் ஓட்டை போட்டு, இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து, குஜரியில் தேடிப்பிடித்த ஒரு லீவரை நிறுத்தினார்கள். நுனியில் கட்டைவிரலால் அமுக்குகிற பட்டன். பழைய கேபிள் போதாமல் புதிதாக ஒன்று போட்டார்கள். “புது கேபிளு சார், இழுக்க இழுக்க நீண்டுக்கும். பத்து நாள்ல வந்து ஒருதரம் டைட் பண்ணிக்கோங்க, மறந்துடாதீங்க” என்று பாய் இரண்டு தடவை சொன்னார். நான் மறந்துவிட்டேன். காரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா முன்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “புள்ள உக்கார்ற இடம் போச்சே” என்றாள். அவன் என்ன இன்னும் ஆறாவதா படிக்கிறான் என்று நான் எரிந்து விழுந்தேன். இனிமேல் கல்லும் வேண்டாம், புது பிரேக் மலை மேல்கூட நிற்கும் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை. நீ ஓட்டினாய், நான் பக்கத்தில், அம்மா பின்னால். அல்சூர் வரை போய்விட்டு வந்தோம். உண்மையைச் சொன்னால் நீ நன்றாக ஓட்டினாய். நான்தான் ஒவ்வொரு ஆட்டோவுக்கும் லீவரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீ ஒருதரம், “அப்பா, கையை எடுங்க, எனக்குக் கவனம் சிதறுது” என்றாய். எடுத்தேன், மறுபடி வைத்தேன். நம் மேட்டில் ஏறி, கேட்டைத் தாண்டி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாய். ரிவர்ஸில் உள்ளே விட வேண்டும். அம்மா இறங்கிக் கேட்டைத் திறந்தாள். பக்கத்து வீட்டு நஞ்சுண்டப்பா அவர் வாசலில் பேப்பரோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நீ ரிவர்ஸ் போட்டு, லீவரைப் பிடித்து, மெல்ல விடுவதற்குத் தயாராக இருந்தாய். வண்டி லேசாக ஆடியது. நான் உன் கைமேல் என் கையைப் போட்டு இறுக்கி, “பிடி, பிடி, பிடிடா!” என்று கத்தினேன். அப்புறம் லீவர் கீழே விழுந்தது. கார் பின்னால் உருண்டது. நாம் யாரும் பார்க்காத நேரத்தில் அம்மா அவளுடைய கல்லை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் குனிந்திருந்தாள். பம்பருக்கும் கேட் தூணுக்கும் நடுவில் அவளுடைய இடது கால்.

அம்மாவின் அலறலுக்கு அடுத்து அந்தத் தெருவில் கேட்ட குரல் என்னுடையது. “ஏன்டா விட்டே?” என்றேன். இன்னும் காரிலிருந்து இறங்கவே இல்லை, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை, அதற்குள் கேட்டுவிட்டேன். நீ கதவைத் திறந்துகொண்டு ஓடினாய். மருத்துவமனையில் அம்மாவின் காலில் பிளேட் வைத்தார்கள், மூன்று மாதம் படுக்கை. இன்றைக்கும் அவளால் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது, உன் கல்யாண மணையிலும் நாற்காலிதான். அந்த மூன்று மாதமும் நீ காலேஜ் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்து அவள் காலடியில் உட்கார்ந்து படித்தாய். டிரைவிங் ஸ்கூலுக்கு அதற்குப் பிறகு போகவில்லை. நான் சிவாஜிநகர் போய் கேபிளை டைட் செய்துகொண்டு வந்து, எதுவும் நடக்காத மாதிரி அதே காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்றும் ஓட்டுகிறேன். பார்க்க வந்தவர்களிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே, அப்போதுதான் இந்த ‘பிடி’ கதை உருவாயிற்று. முதலில் வருத்தமாகச் சொன்னேன். ஒருநாள் யாரோ சிரித்தார்கள். அதிலிருந்து சிரிக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

இனி போன வாரம் நடந்தது. நானும் அம்மாவும் பத்திரிகை வைக்கப் போனோமே, நஞ்சுண்டப்பா வீட்டுக்கும் போனோம். வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு இருக்கிறார். உன் பேரைப் பத்திரிகையில் பார்த்ததும் அவருக்கு அந்தக் காலை ஞாபகம் வந்துவிட்டது. கண் கலங்கிவிட்டார். தன்னால்தான் அம்மாவுக்கு அப்படி ஆயிற்றோ என்று இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததாம். ஏன் சார் என்றேன். “நானேதான சார் கூவினது, பிடி சார், ஹுடுக நோட்கோதானேன்னு. நீங்க அந்தப் பையனை அவ்வளவு அமுக்கறீங்களேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்” என்றார். விடுங்க சார், பையன் பார்த்துக்குவான் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு குரல் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அவர் சொன்ன பிறகு இருக்கிற மாதிரியும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேறொன்று உறைத்தது. எப்படித்தான் ஏழு வருஷம் இது மண்டையில் ஏறாமல் போனதோ, அடக் கடவுளே! கன்னடத்தில் ‘பிடி’ என்பது மரியாதைச் சொல். பெரியவர்களுக்குச் சொல்வது. மகனுக்கு எந்த அப்பனும் பிடி என்று சொல்லமாட்டான், ‘பிடு’ என்பான். என் குரலில் உன் காதுக்கு ‘பிடி’ வந்தால் அது தமிழ்ப் பிடியாக மட்டுமே இருக்க முடியும், தெருவெல்லாம் கன்னடம் பேசி வளர்ந்த உனக்கு அது தெரியாதா? என்னைவிட நன்றாகக் கன்னடம் பேசுகிறவன் நீ. அன்றைக்கு விடச் சொல்லி வந்த சொல் எனக்கு வந்த சொல். முப்பத்திரண்டு வருஷம் மேலதிகாரிகள் ‘பிடி’ என்றதும் ஃபைலைக் கீழே வைத்துப் பழகிய கை இது. அப்படியானால் என் கதை முதலிலேயே நொண்டி. நீ ஒருதரமாவது, ‘அப்பா, அது இலக்கணப்படியே தப்பு’ என்று சொல்லியிருக்கலாம். எல்லா விசேஷத்திலும் கூடச் சேர்ந்து சிரித்தாயே, ஏன்டா? எனக்காகவா? இல்லை, நீதான் விட்டாய் என்று உனக்கே தோன்றிப்போயிற்றா? இதுதான் என்னை அரிக்கிறது.

உடனே மனசு வேறு வழி தேடியது. கேபிள்தான் காரணம் என்று ஒரு பொழுது முழுக்கச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். டைட் பண்ணவில்லை, தளர்ந்திருந்தது, வண்டி தானாக இறங்கியது, யார் மேலும் தப்பில்லை. சுகமாக இருந்தது. ஆனால் கேபிள் தளர்ந்தால் வண்டிதான் நழுவும், லீவர் கீழே விழாது. அது விழுந்தது, அந்தச் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பட்டனை அமுக்காமல் அது விழாது. காலையில் எழுந்ததும் அம்மாவைக் காருக்குக் கூப்பிட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தாள், இருந்தாலும் வந்தாள். அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து, லீவரைப் பிடிக்கச் சொன்னேன். அவள் கட்டைவிரல் பட்டன்மேல் உட்கார்ந்தது. அவள் கைமேல் என் கையைப் போட்டேன். என் கட்டைவிரல் அவள் விரல்மேல். லேசாக இறுக்கினேன், பட்டன் தன்னால் உள்ளே போயிற்று. அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அழுத்திக் கீழே விட்டதும் அவள் கையையும் இழுத்துக்கொண்டு லீவர் இறங்கியது. அன்றைக்கு உன் கை சில்லென்று இருந்தது. எனக்கு அது உள்ளங்கையில் ஞாபகம் இருக்கிறது. உன் கை உள்ளே, என் கை மேலே.

“நான்தானாடி?” என்று கேட்டேன். அம்மா கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “கல்லை எடுத்துட்டுக் குனியறதுக்கு முன்னாடி பின்கண்ணாடில பாத்தேன். அவன் நேரா முன்பக்கம் பாத்துட்டு இருந்தான். நீங்கதான் நஞ்சுண்டப்பா பக்கம் திரும்பித் தலையாட்டினீங்க. சரி சார்னு ஆட்டினீங்க.” இத்தனை வருஷம் ஏன்டி சொல்லவில்லை என்றேன். “நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். காய் வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள். அப்புறம், “காலை அவன்தான் காப்பாத்தினான். வண்டி வந்து இடிச்சதும் அடுத்த நிமிஷம் நின்னுச்சே, அது எப்படி நின்னுச்சுன்னு நினைச்சீங்க?” என்றாள். நீ காலால் பிரேக்கை மிதித்திருக்கிறாய். இல்லாவிட்டால் எலும்பு முறிந்ததோடு போயிருக்காது. என் கதையில் அந்த வரி ஒருநாளும் வந்ததில்லை.

ஆகவே பந்தியில் சிரித்தவர்களே, சம்பந்தி அவர்களே, புரையேறிய சித்தப்பா அவர்களே, கையை விட்டது என் மகன் இல்லை. நான். தெரிந்தே பொய் சொன்னேனா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ‘ஏன்டா விட்டே’ என்று கேட்ட அந்த நொடியில் எனக்கு உண்மை தெரிந்திருந்ததா, தெரிந்ததால்தான் அவ்வளவு அவசரமாகக் கேட்டேனா, எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மாதிரித் தெரிகிறது. மகனே, மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு. உன் பத்தொன்பது வயதிலிருந்து ஒரு சுமையை உன் தலையில் ஏற்றிவிட்டு, போகிற இடமெல்லாம் அதைக் காட்டிச் சிரித்தவன் நான்.

கல்யாணத்துக்கு முன் மகனுக்கு நாலு புத்தி சொல்வது அப்பன் கடமை என்கிறார்கள். ஹேண்ட்பிரேக்கை நடுவில் வைத்தால் இரண்டு பேருக்கும் எட்டும், தாம்பத்தியமும் அப்படித்தான் என்று அழகாக ஒன்று எழுதி வைத்திருந்தேன். அம்மா படித்துவிட்டு, “இரண்டு பேருக்கும் எட்டினதாலதானே என் கால் போச்சு?” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். சரி, ஒருவர் கைமேல் இன்னொருவர் கை வைக்காதீர்கள் என்று எழுதினேன். அதுவும் உருப்படியாக இல்லை, கல்யாணமே கைமேல் கை வைப்பதில்தானே தொடங்குகிறது. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது அறுபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியவில்லை, உனக்கு என்னத்தைச் சொல்ல? வித்யாவிடம் இந்தக் கதையை முதலிலிருந்து நீ சொல். அவள் அன்று சிரிக்காததை நான் பார்த்தேன். ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்வேன், தப்பு நடந்தால் முதல் கேள்வியாக ஏன் என்று கேட்காதே, இறங்கிப் போய் யாருக்கு அடிபட்டது என்று பார்.

வருகிற ஞாயிறு காலை வா. ஒரு தடவையாவது நீ அந்தக் காரை ஓட்ட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். அல்சூர் ஏரி வரை போய்விட்டு வந்தால் போதுமாம். வித்யா வந்தால் பின்சீட் இருக்கிறது. முன்சீட்டில் உன் பக்கத்தில் அம்மா உட்காருகிறாளாம். “நீங்க வர வேணாம்” என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் வரவில்லை. நீங்கள் திரும்பி வந்து மேட்டில் நிறுத்தும்போது நான் கேட்டைத் திறந்துவிட்டு, அந்தக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால், அதே தூண் பக்கத்தில், உன் அம்மா நின்ற இடத்தில் நிற்பேன். கத்தமாட்டேன். நீ பார்த்து உள்ளே விடு. சாவியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அம்மா கோர்த்துக் கொடுத்த சிவப்புக் கயிற்றோடு. இந்தா, பிடி. தமிழில்தான் சொல்கிறேன்.

அப்பா